இசைத்தட்டுக் கடையும் அதன் ஊழியரும்

நகைச்சுவைப் படம் என்பது சிரித்துவிட்டு மறப்பதற்கென்றே ஆக்கப்படுவது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தை மீள ஆராயத் தூண்டும் படங்களுள் ஒன்று, 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ‘எம்பயர் றெக்கோட்ஸ்’. அலன் மோய்ல் நெறிப்படுத்திய இப்படம் அன்று திரையரங்குகளிற் படுதோல்வி கண்டது. ஆயினும், பின்னர் வீடியோ வழியாக அது இளைஞரைச் சென்றடைந்தது. கதை நிகழும் ஏப்ரல் 8ஆம் நாளை அதன் இரசிகர் இன்றும் நினைவுகூருகின்றனர்.

கதை எளியது. டெலவெயர் மாநிலத்து இசைத்தட்டுக் கடையொன்றை ‘மியூசிக் டவுன்’ என்னும் பெருநிறுவனம் விழுங்கவிருக்கிறது. இதனை அறிந்த லூக்காஸ் என்னும் இளம் ஊழியன், கடையைக் காக்கும் ஆசையினால், கடைப் பணம் 9,000 டொலரை அத்திலாந்திக் நகரிற் சூதாடித் தோற்றுவிடுகிறான். மறுநாள் ஒரு பகலிலும் இரவிலும் நிகழ்வனவே மீதிக் கதை. இதில் தனியொரு கதாநாயகன் இல்லை. ஊழியர் அனைவரும் சேர்ந்தே அவ்விடத்தை நிரப்புகின்றனர்.

படத்தின் உயிர்நிலை ஒரு காட்சியில் இருக்கிறது. தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்ற டெப்ரா என்னும் பெண், மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வருகிறாள். உடன் உழைப்போர் அவளையும் வைத்துக்கொண்டே அவளுக்குப் பொய்யாக ஓர் இறுதிச் சடங்கு நடத்துகின்றனர். இறந்தார் முன் நாம் சொல்லும் அன்புமொழியை, உயிருடனிருக்கும்போதே சொன்னால் என்ன என்பது அச்சடங்கின் கேள்வி. விளையாட்டுப்போலத் தொடங்கும் அது விளையாட்டாக முடிவதில்லை.

முடிவு அத்துணை வலிமையுடையதன்று. ஓரிரவுக் கொண்டாட்டத்திற் பணம் திரட்டுகிறார்கள். சொந்தக்காரர் முகாமையாளர் ஜோவுக்கே கடையை விற்றுவிடுகிறார். இது வணிக நியதியன்று, ஆசிரியரின் ஆசை.

வரலாறு வேறு வழியிற் சென்றது. திரைக்கதை எழுதிய கரோல் ஹெய்க்கினன் ‘டவர் றெக்கோட்ஸ்’ கடையில் வேலை செய்தவர். 1960இல் சக்ரமென்ரோ நகரில் தோன்றிய அந்நிறுவனமும், பல நாடுகளிற் கிளை பரப்பிய பெருநிறுவனமே. ஆகவே படம் போற்றும் தோழமை, படம் அஞ்சிய அத்தகைய நிறுவனமொன்றின் கூரையின் கீழும் தழைத்தது என்று கொள்ளலாம். 1999இல் ‘நப்ஸ்ரர்’ வந்து, இணையத்தில் இசை விலையின்றிப் பரவத் தொடங்கியது. 2006இல் டவரின் அமெரிக்கக் கடைகள் மூடப்பட்டன. விழுங்க வந்ததையும் வேறொன்று விழுங்கிற்று!

இசைத்தட்டு மீண்டும் வந்திருக்கிறது என்பது உண்மை. 2022இல் ஐக்கிய அமெரிக்காவில் 4 கோடியே 10 இலட்சம் இசைத்தட்டுகள் விற்பனையாயின. இறுவட்டுகளோ 3 கோடியே 30 இலட்சமே. ஆனால், தட்டு மீண்டதுபோல அதனை எடுத்துக் கொடுத்த மனிதனும் மீண்டானா? இன்று கணினி நமக்குப் பரிந்துரைப்பது, பெரும்பாலும் நாம் முன்பே விரும்பியதன் சாயலையே. கடை மேசைக்குப் பின்னால் நின்றவனோ, நாம் கேளாத ஒன்றைக் கையில் தந்து, “இதைக் கேட்டுப் பாருங்கள்” என்பான். நம் தெரிவைக் கண்டு முகஞ்சுளிக்கவுந் துணிவான். சுவை வளர்வது அத்தகைய உரசலிலேயாகும்.

புத்தகக் கடை ஊழியருக்கும் நூலகருக்கும் இது பொருந்தும். கலையைக் கைமாற்றித் தருவோரின் உழைப்பை மதியாத சமுதாயம், நாளடைவிற் கலையின் சுவையையே இழக்கும். தோற்றுப்போன இச்சிறு படம் அவ்வுழைப்பாளரைச் சிரிப்பினூடே நம்முன் நிறுத்துகிறது. அதன் பெறுமதி அதுவே.