கணக்கில் வராத மரணங்கள்

2020 செப்டம்பர் 14 அன்று மக்களவையில் தொழிலாளர் அமைச்சகம் எழுத்துப்பூர்வமாகப் பதிலளித்தது: பொதுமுடக்கத்தில் ஊர் திரும்புகையில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் குறித்த விவரம் பராமரிக்கப்படவில்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை. ஐந்தே நாட்களில் மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகம், ஷ்ராமிக் சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்ததாகத் தெரிவித்தது. ஆக, கணக்கு இல்லாமலில்லை. தொகுக்கும் மனம்தான் இல்லை. அக்கூட்டத்தொடரில் கேள்வி நேரமே ரத்து செய்யப்பட்டதால், துணைக்கேள்வி எழுப்பவும் வழியில்லை.

2021 நவம்பர் இறுதியில், தில்லி எல்லைப் போராட்டத்தில் உயிர்நீத்த விவசாயிகள் குறித்தும் அதே பதில்தான். ஆனால் அப்பெயர்களை விவசாய சங்கங்கள் ஏற்கெனவே தொகுத்திருந்தன.

‘விவரம் இல்லை’ என்பது நிர்வாகக் குறைபாடன்று. இழப்பீட்டை மறுக்கும் அரசியல். அரசு எழுத மறுக்கும் கணக்கைத் தொழிற்சங்கங்கள் ஊர்தோறும் எழுதியாக வேண்டும்.