பீடியை விட்டவர் உடம்பு வைத்தால் என்ன செய்வது?

"பீடியை விட்டதிலிருந்து வயிறு போட்டுவிட்டது. பிரஷர் வேறு இருக்கிறது. இதற்குப் பழையபடி இழுத்துவிட்டே போகலாம்." லயங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதி உண்மை, பாதி ஆபத்து.

புகையை விட்டால் பலருக்கு உடம்பு வைக்கும். நிக்கொட்டின் பசியை அடக்கி வைத்திருந்தது. அது நின்றதும் பசியும் நாக்கின் ருசியும் திரும்புகின்றன. பீடி பிடித்த கை பனிஸையும் பிஸ்கட்டையும் தேடுகிறது. முதல் வருடத்தில் சராசரியாக 4 முதல் 5 கிலோ கூடும். அதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே ஏறிவிடும்.

அதற்காக மீண்டும் பற்றவைப்பது மகா தவறு. ஒவ்வொரு பீடியும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது. பிரஷர்காரர் புகைப்பது மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் வா என்று கூப்பிடுவதாகும். புகையை விட்டு ஒரு வருடம் கடந்தால், புகையால் வந்த மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழ பாதி குறைந்துவிடும். சில கிலோ கூடினாலும் இந்த லாபமே பெரிது. ஆனால் எடை ஏறினால் பிரஷரும் ஏறும். ஆகவே எடையைக் கவனிக்கத்தான் வேண்டும்.

முதலில் தேநீரைப் பார்ப்போம். நாளுக்கு 5 கோப்பை, கோப்பைக்கு 2 தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராமுக்கு மேல் போகிறது. 50 கிராமுக்குள் நிறுத்துங்கள், 25 கிராமுக்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

அடுத்தது கோதுமை மா ரொட்டி. நம் மக்கள் ஆசைப்பட்டா மூன்று வேளையும் அதைச் சாப்பிடுகிறார்கள்? விடியுமுன் சமைத்து மலைக்குக் கட்டிக்கொண்டு போக அதுதான் தோது, விலையும் அதுதான் கட்டும். ஒரு ரொட்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, கீரை சேர்த்தால் வயிறும் நிறையும், எடையும் நிற்கும். பீடிக்குப் போன காசு அதற்குப் போகட்டும். கருவாடு, ஊறுகாய், உப்புச் சம்பல் ஆகியவற்றையும் குறையுங்கள். ஒரு நாளைக்கு எல்லாக் கறியிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் போகக் கூடாது.

புகை ஏக்கம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள், ஒரு துண்டு கரட்டோ கறுவாவோ மெல்லுங்கள். பீடிக்குப் பதில் புகையிலை போட்ட வெற்றிலைக்கு மாறாதீர்கள். அதிலும் அதே நிக்கொட்டின்தான், வாய்ப் புற்றுநோயும் கூடவே வரும். பட்டினியும் கிடக்காதீர்கள். பசியும் ஏக்கமும் சேர்ந்தால் கை மறுபடி பீடிக்கே போகும்.

கவ்வாத்து வெட்டுபவருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் வேலையே தேகப்பயிற்சி. காவல் வேலை செய்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். புகையை விட்டாயிற்று என்று பிரஷர் மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. புகையை விட உதவி தேவைப்பட்டால் 1948 என்ற இலக்கத்துக்குப் பேசலாம்.

இவ்வளவும் தொழிலாளி செய்ய வேண்டியவை. நிர்வாகம் செய்ய வேண்டியதும் உண்டு. கொழுந்து நிறுக்க மலைக்கே தராசு வருகிறது. கொழுந்து பறிப்பவரின் எடையையும் பிரஷரையும் மாதம் ஒரு தடவையாவது தோட்டத்திலேயே பார்க்கக் கூடாதா? கிளினிக் நாளில் பேர் போய்விடும் என்று பயந்து மாத்திரை வாங்கப் போகாமல் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு நாள் சம்பளத்தையும் ஆயுளையும் தராசில் வைத்துப் பார்க்கும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரக் கூடாது. கிளினிக் துண்டைக் காட்டுபவருக்கு அன்றைய பேர் கிடைக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைத் தோட்டக் கமிட்டிகள் அடுத்த பேச்சுவார்த்தையிலேயே மேசையில் வைக்க வேண்டும்.

பீடியை விட்டவர் பாதி மலை ஏறிவிட்டார். மீதி மலையை அவர் தனியாக ஏற விடாமல் குடும்பமும் சங்கமும் கூட நிற்போம்.