சின்னம்மாவுக்கு எவ்வளவு?

தமிழில் பெரியம்மா, சின்னம்மா. மலையாளத்தில் வல்யம்ம, குஞ்ஞம்ம. தாயின் உடன்பிறந்தாளைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே அம்மா இருக்கிறாள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமோ, குழந்தையின் இரத்த உறவுக் குடும்பம் அல்லாத வேறொரு குடும்பத்தில் ஒப்படைப்பதையே ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என வரையறுக்கிறது. இந்த வரையறையின் விளைவைப் பணக் கணக்கில் காணலாம்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புக் குடும்பத்துக்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். உறவினரிடம் வளரும் பெற்றோரற்ற குழந்தைக்கும் ‘ஸ்பான்சர்ஷிப்’ என்ற பெயரில் அதே தொகை உண்டு. ஆனால் அக்குடும்பத்தின் ஆண்டு வருமானம் நகரத்தில் 96,000 ரூபாயையும் கிராமத்தில் 72,000 ரூபாயையும் தாண்டலாகாது. நகரத்தில் மாதம் 8,000! திருவனந்தபுரத்தில் ஆட்டோ ஓட்டும் மாமன் இதற்குள் எப்படி அடங்குவார்? அந்நியர் வறியவராக இருக்க வேண்டியதில்லை. மாமன் மட்டும் இருந்தாக வேண்டும்.

கேரளத்தின் ‘ஸ்நேஹபூர்வம்’ திட்டம் உறவினர், நண்பர் வீடுகளில் வளரும் குழந்தைகளை எண்ணியே உருவானது. நல்ல எண்ணந்தான். தொகையோ ஐந்தாம் வகுப்பு வரை மாதம் 300, பத்தாம் வகுப்பு வரை 500. சாலைக் கடைத்தெருவில் ஒரு வார மீனுக்குக்கூடப் போதாது. கோவிட்டில் பெற்றோரை இழந்தோருக்கு 2021இல் கேரள அரசே மாதம் 2,000 ரூபாயும் 3 லட்சம் வைப்புத்தொகையும் அறிவித்தது. பெற்றோர் விபத்திலோ புற்றுநோயிலோ இறந்திருந்தால் குழந்தையின் பசி குறைந்துவிடுமா?

“சொந்த இரத்தத்தை வளர்க்கக் கூலியா?” என்பார்கள். கூலி பாட்டிக்கன்று, அரிசி, சீருடை, பேருந்துக் கட்டணம் எல்லாம் குழந்தைக்கு. குழந்தை நலக் குழு உறவினரிடம் ஒப்படைக்கும் குழந்தைக்கு வருமான வரம்பை நீக்குக. ஸ்நேஹபூர்வத்தை 2,000 ஆக்குக.