வழித்தங்கல்

கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் கல்லூரி விழாவுக்கென ஊர் வருங்கால், பிரயாணத்தைப் பற்றி அவர் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே: "சிங்கப்பூரில் எட்டு மணி நேரம் வீணே கிடந்தோம்." மெல்பேணிலிருந்தும் சிட்னியிலிருந்தும் கொழும்புக்கு வருவோரிற் பலர் அங்கேதான் ஒரு விமானத்தினின்று இறங்கி மறு விமானம் ஏறுகின்றனர். அந்த எட்டு மணி நேரமும் வாசனைத் திரவியக் கடைகளுக்கும் நாற்காலி உறக்கத்துக்கும் பலியாகின்றது. இந்த நட்டம் தவிர்க்கத்தக்கது என்பது எமது கருத்து.

வழியிலே தங்குதலை எம் முன்னோர் நட்டமெனக் கொண்டாரல்லர். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை அறியாத யாழ்ப்பாணத்தவர் சிலரே. வீதிக்கு மேலாகவே கூரையிட்டு, இருமருங்கும் திண்ணை வைத்துக் கட்டிய மடம் அது. மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் வழிப்போக்கனுக்கென்றே அமைந்தவை. சுமையை இறக்கியவன் தண்ணீர் அருந்தினான். அவ்வூர்ப் புதினம் கேட்டான். கோயில் எங்கே என வினவினான். இன்றைய விமான நிலையமும் ஒரு மடமே. திண்ணையிற் படுத்துறங்கி எழுந்து, ஊரைப் பாராமலே போகின்றவர்களாய் நாம் எப்போது மாறினோம்?

சாங்கி விமான நிலையத்தை யாம் பழிக்கவில்லை. அங்கே வண்ணத்துப்பூச்சித் தோட்டமுண்டு. 2019 இல் அதன் பக்கத்தே திறக்கப்பெற்ற 'ஜுவல்' மாளிகையினுள் 40 மீற்றர் உயரத்திலிருந்து நீர் வீழ்கின்றது. குழந்தைகளுக்குக் காட்ட வேண்டியவைதாம். ஆயினும் அவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.

வெளியே போவதற்குக் கணக்கு வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணியும் எம்முடையதன்று. குடிவரவுச் சோதனைக்கும் வெளியேறுதற்கும் ஒரு மணி. மறு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்பிவிடல் வேண்டும். போக்குவரத்துக்கு ஒன்றரை மணி. எஞ்சுவது மூன்றரை மணி. ஐந்து மணிக்குக் குறைந்த தங்கலாயின் வெளியே புறப்படாமை நன்று. பயணம் முழுவதும் ஒரே சீட்டிலாயின் பெரிய பெட்டிகள் தாமே மறு விமானத்துக்குப் போய்ச் சேரும். வெவ்வேறு சீட்டாயின் அவற்றை எடுத்துப் பாதுகாப்பறையில் ஒப்படைத்தல் வேண்டும். விசா விதி கடவுச்சீட்டுக்குக் கடவுச்சீட்டு வேறுபடும். அந்நாட்டார் கேட்கும் வருகை அட்டையை, போய்ச் சேருமுன் மூன்று நாட்களுக்குள் கட்டணமின்றி இணையவழி நிரப்பலாம். மடியிலே புகையிலைத் துண்டு முடிந்துகொண்டு பிரயாணஞ் செய்யும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: மெல்லும் புகையிலை அந்நாட்டில் விலக்கப்பட்ட பொருள். எங்கள் ஊர்ப் புகையிலையின் பெருமை அங்கே செல்லாது.

மூன்றரை மணியில் பத்து இடம் பார்க்க முனைபவர் ஓரிடமும் பாராதவரே. ஐந்தரை மணிக்கு மேல் தங்குவோருக்கு விமான நிலையத்தார் இலவசமாக நடத்தும் பஸ் உலா உண்டு. முதன்முறை போவோருக்கு அதுவும் நன்றே. ஆனால் ஆண்டுதோறும் அவ்வழியே வருபவர் ஓரிடத்தைத் தேர்ந்து அங்கே நிற்றல் வேண்டும்.

எம்மைக் கேட்பின், முதலிற் காட்டுவது கத்தோங் பகுதியிலுள்ள சிலோன் வீதியையே. அது நகர மத்தியினும் விமான நிலையத்துக்கு அணித்து. 36 ஆம் இலக்க பஸ் அப்பக்கமாகப் போகும். வாடகைக் காரிலாயின் இருபது நிமிடமளவில் அடையலாம். அங்கே செண்பக விநாயகர் கோயில் உள்ளது. 1850 களில் ஒரு செண்பக மரத்தருகே பிள்ளையார் திருவுருவம் கண்டெடுக்கப்பட்டதென்பது அதன் வரலாறு. அதனைப் போற்றி வளர்த்தவர் இலங்கைத் தமிழர். நண்பகலில் நடை சாத்துவராதலின் காலையிற் போதல் உத்தமம். யாம் சென்ற வேளை, வாயிலில் நின்ற முதியவர் ஒருவர் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, எந்த ஊர்?" என்பதே. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர் தம் பாட்டனாரின் ஊரைச் சொன்னார். இரண்டுக்கும் இடையே நான்கு கட்டைதான்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலிருந்து யாழ்ப்பாணத்தவர் இலிகிதராயும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராயும் மலாயா சென்றதும், அங்கிருந்து வந்த 'பென்சன்' பணத்தில் இங்கே கல்வீடுகள் எழுந்ததும் எம் பெரியோர் அறிந்த கதை. சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சராக 1965 முதல் 1980 வரை இருந்த சி. இராசரத்தினம் 1915 இல் வட்டுக்கோட்டையிற் பிறந்தவர். மெல்பேணில் வளரும் எம் பழைய மாணவரின் பிள்ளைகள் இவற்றுள் ஒன்றையேனும் அறிவரோ? பூட்டனார் வேலை பார்த்த மண்ணின் மேலே ஆண்டுக்கொருமுறை இறங்குகின்றனர். சொக்கிலேற் வாங்கிக்கொண்டு ஏறிவிடுகின்றனர். இதனை அவர்க்குச் சொல்லவேண்டியவர் தந்தையே. சொல்லத்தக்க இடமும் அதுவே.

இரண்டாம் முறை வருவோர் சிராங்கூன் வீதிக்குப் போகலாம். தேக்கா சந்தையிற் சூடான தோசை கிடைக்கும். 1935 இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் நாளிதழாக வெளிவருகின்றது. ஒரு பிரதி வாங்கி விமானத்திற் படிக்கலாம். நூற்பிரியர் விக்டோரியா வீதியிலுள்ள தேசிய நூலகத்திலே தமிழ் நூல்களுக்கு முன் நின்றுவிடுவர். அன்னார் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொள்வது விமானத்துக்கு நல்லது.

இன்னொன்று. மிஞ்சும் சில்லறையை நிலையக் கடையிற் செலவழித்துவிட வேண்டாம். சிங்கப்பூர் நாணயத்தில் அந்நாட்டின் பெயர் நான்கு மொழிகளிற் பொறிக்கப்பட்டுள்ளது; அவற்றுள் ஒன்று தமிழ். கீழ்வகுப்பு மாணவர்க்குக் காட்டவென எம் மேசையில் ஒரு நாணயம் வைத்துள்ளோம். நாற்பது கைகளுக்கு அது போதவில்லை. அடுத்த முறை வரும் அன்பர்கள் இரண்டொன்று கொணர்ந்து தருவாராக.