எள் பூ இலையாக மாறுவது ஏன்?

கேள்வி: எள் வயலில் சில செடிகளில் பூவுக்குப் பதில் பச்சை இலைகளே கொத்துக் கொத்தாக வருகின்றன. காய் பிடிக்கவில்லை. பூஞ்சாணக்கொல்லி இரண்டு முறை தெளித்தும் பலன் இல்லை. செடியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லலாமா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இந்த நோயைச் செடியைப் பார்த்தே அடையாளம் காணலாம். இதற்குக் காரணம் பூஞ்சாணம் அல்ல. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்கிருமி. அதனால்தான் பூஞ்சாணக்கொல்லிக்குக் கேட்கவில்லை. இனி அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

இந்தக் கிருமியை உலகுக்குக் காட்டியதே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்தான். மல்பெரி குட்டை நோய் போன்றவற்றை வைரஸ் நோய்கள் என்றே நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 1967-ல் ஜப்பானில் டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோய் குழுவினர், நோயுற்ற செடிகளின் உணவு செல்லும் குழாய்களை இக்கருவியில் பார்த்தார்கள். வைரஸ் தென்படவில்லை, செல்சுவர் இல்லாத, பாக்டீரியா வகைக் கிருமிகள் இருந்தன. டெட்ராசைக்ளின் கொடுத்ததும் மல்பெரியில் நோய்க்குறி தணிந்தது. மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும் என்பதால் வயலுக்கு அது வழியல்ல.

சாதாரண மைக்ராஸ்கோப் ஒளியால் பார்க்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை அதில் தெளிவாகத் தெரியா. எலக்ட்ரான் கற்றையால் அதைவிடப் பல மடங்கு நுட்பமாகப் பார்க்கலாம். ஆனால் இலையை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. மருந்தில் ஊறவைத்து, நீர் நீக்கி, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் மிக மெல்லிய சீவலாக வெட்ட வேண்டும். இதற்கே சில நாட்கள் ஆகும். பல்கலைக்கழக மையங்களில் மாணவர்கள் முதலில் பழகுவது இந்த வேலையைத்தான். காரணம் தெரியாத புதிய நோய்க்கும் ஆராய்ச்சிக்கும் இது தேவை. உங்கள் எள்ளுக்குத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை:

1. நோயுற்ற செடி மீண்டு காய்க்காது. கண்டவுடன் வேரோடு பிடுங்கி அழிக்கவும்.

2. நோயைப் பரப்புவது தத்துப்பூச்சி. நோயுற்ற செடியில் சாறு உறிஞ்சிய பூச்சி, பிறகு தன் ஆயுள் முழுதும் நோயைப் பரப்பும். பயிர் இளசாக இருக்கும்போதே பூச்சியைக் கவனிக்கவும். மருந்தும் அளவும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டுத் தெளிக்கவும். பூத்த பிறகு தெளிக்க நேர்ந்தால், தேனீக்கள் திரும்பிய மாலை நேரத்தில் தெளிக்கவும்.

3. வரப்பிலும் வயலிலும் களை இல்லாமல் வைக்கவும்.

4. அடுத்த பருவத்தில் ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை ஊடுபயிராக விதைக்கலாம்.

சந்தேகம் இருந்தால், நோயுள்ள செடி ஒன்றையும் நல்ல செடி ஒன்றையும் வேரோடு எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்துக்குச் செல்லவும். மேற்கொண்டு சோதனை வேண்டுமா என்பதை அங்குள்ள பயிர் நோயியல் வல்லுநர் சொல்வார்.