கூழ் குடிக்க ஆர் இருக்கினம்?

கனடாவில் வாழும் என் மருமகள் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் மாதத்தில் சில படங்களை அனுப்பி வைப்பாள். மேப்பிள் இலைகள் செம்மையும் மஞ்சளுமாய்ச் சொரிந்து கிடக்கும் பாதையில் அவளும் கணவரும் பிள்ளைகளும் நண்பர்களுமாக நிற்பார்கள். “உங்களுக்கு இப்படியொரு காலம் இல்லையே, மாமா” என்று ஒருமுறை எழுதியிருந்தாள்.

யாழ்ப்பாணத்தில் இலையுதிர் காலம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், ஆவணியிலும் புரட்டாசியிலும் இங்கும் ஒன்று உதிர்கிறது. அது பனம்பழம். விடியற்புறத்தில் வளவுக்குள் பழம் விழும் ஓசை கேட்டதும் பாயை விட்டெழுந்து ஓடிய தலைமுறை என்னுடையது. முந்தியவனுக்கே பழம்; பணியாரம் மட்டும் எல்லோருக்கும் பொது.

எங்கள் ஒன்றுகூடலின் காலமும் இதுவே. நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழா முடிய, தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதித் திருவிழா. புரட்டாசியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தம். பக்தி ஒருபுறமிருக்க, வல்லிபுரத்து வெண்மணலில் கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் காணாத மச்சான்மாரையும் சின்னம்மாமாரையும் கண்டு கதைத்த நாட்கள் அவை. திருவிழாக் காலத்து மரக்கறிச் சாப்பாடு முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்து மாமரத்தின் கீழ் ஒடியற் கூழ் காய்ச்சப்படும்.

ஒடியற் கூழைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பைப் போக்க ஒருவர். நண்டையும் இறாலையும் துப்புரவு செய்ய ஒருவர். பயற்றங்காயும் மரவள்ளிக் கிழங்கும் நறுக்க ஒருவர். செத்தல் மிளகாய் அரைக்க ஒருவர். பனையோலையில் பிளாக் கோல ஒருவர். தனி ஒருவருக்கென அதைக் காய்ச்சுவாரில்லை. பெரிய பானையும் அதைச் சுற்றி ஒரு கூட்டமும் இருந்தால்தான் அது கூழ். எங்கள் முன்னோர் உறவைப் பேணுவதற்குக் கண்ட வழிகளுள் இதுவும் ஒன்று என்றே நான் எண்ணுகிறேன்.

இந்தப் பானை எப்போது உடைந்தது? 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். குடும்பங்கள் எல்லாம் ஒன்றாகப் புறப்பட்ட பயணம்தான் அதுவும். பலர் மீண்டும் ஒன்றாகத் திரும்பவில்லை. 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. இடையில் 2002இல் திறந்த ஏ-9 பாதையும் 2006 ஆகஸ்ட்டில் மூடப்பட்டது. உறவினர் வீட்டுக்குப் போவதற்கே அனுமதி வேண்டிய காலத்தில் உல்லாசப் பயணம் ஏது?

இன்று பாதைகள் திறந்திருக்கின்றன. பலாலியில் விமானமும் இறங்குகிறது. ஆகஸ்ட் பிறந்தால் வெளிநாட்டு உறவுகளால் ஊர் நிறைகிறது. கசூரினா கடற்கரையில் வான்கள் வரிசையாக நிற்கின்றன. மகிழ்ச்சியே. ஆனால், வருகிறவர்கள் விடுதியில் தங்கி, மண்டபத்தில் விருந்து வைத்து, நெடுந்தீவு பார்த்து, படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். முதியவர்கள் அந்த விருந்துக்கு விருந்தினராக அழைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய முற்றம் வெறுமையாகவே கிடக்கிறது.

அவர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வார விடுமுறை. பெரிய தவறு இங்கிருக்கும் எங்களுடையது. கூடிக் களிப்பதையே வெளிநாட்டார் வரும்போது நிகழும் ஒன்றாக ஆக்கிவிட்டோம். பத்திரிகைப் பணியைச் சாட்டாக வைத்து எத்தனையோ ஞாயிறுகளை நானும் தவறவிட்டவன்தான். 

சென்ற ஆண்டு, தனியே வாழும் என் அக்காவிடம் கூழ் காய்ச்சுவோமா என்று கேட்டேன். “காய்ச்சலாம் தம்பி. குடிக்க ஆர் இருக்கினம்?” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை.

பின்னர் யோசித்தேன். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் மனைவியும் தனித்திருக்கிறார்கள். எதிர்வீட்டில் வாடகைக்கு வந்த இளம் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். என் பழைய நண்பர்கள் இருவர் சைக்கிளில் வரும் தூரத்தில் இருக்கிறார்கள். கூழ் குடிக்க ஆட்கள் இருந்தார்கள். அழைக்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை. ஒரு ஞாயிறன்று பதினொரு பேர் அந்த முற்றத்தில் கூடினோம். பிளா மடிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அக்கா அதைக் கற்றுக் கொடுத்தார்.

இம்முறை அந்தப் படத்தைக் கனடாவுக்கு நான் அனுப்பினேன். “அடுத்த முறை நாங்கள் விடுதியில் தங்க மாட்டோம்” என்று பதில் வந்தது. வரட்டும். அவர்கள் வரும்வரை அடுப்பை அணையவிடாமல் வைத்திருப்பது எங்கள் பொறுப்பு.