தோற்றவனை வேலைக்கு வைத்த முதலாளி

குளச்சல் போனால் மீனை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிடாதீர்கள். அங்கே ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. 1741ல் மார்த்தாண்ட வர்மாவின் படை, டச்சுக்காரர்களை இந்த மண்ணில் தோற்கடித்ததன் நினைவு. பாடப் புத்தகத்தில் கதை இதோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்த கதை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

கைதியாகப் பிடிபட்ட டி லெனாயை ராஜா என்ன செய்தார்? தலையை வாங்கவில்லை. 'என் படைக்குக் கோச்சாக இரு' என்றார்! (வார்த்தை வேறாக இருந்திருக்கும். சமாச்சாரம் அதுதான்.) டி லெனாய் 1777ல் சாகும்வரை, 36 வருஷம், திருவிதாங்கூரிலேயே இருந்தார். நடுவில் 1758ல் மார்த்தாண்ட வர்மா இறந்து தர்மராஜா பட்டத்துக்கு வந்தார். முதலாளி மாறினார். கோச் மாறவில்லை. அவர் கட்டிய நெடுங்கோட்டையில்தான், அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் முறிந்தது.

எதற்கு இந்தப் பழங்கதை என்கிறீர்களா? ஃபுட்பால் பற்றிப் பேசத்தான்.

குளச்சலிலிருந்து மேற்கே கடலோரமாகவே போங்கள். குறும்பனை, இனயம், தூத்தூர், சின்னத்துறை, நீரோடி என்று ஊர் மாறிக்கொண்டே இருக்கும். மணலில் உதைபடும் பந்து மட்டும் மாறாது. இந்த வரிசையில் உள்ள இரவிபுத்தன்துறையிலிருந்துதான் மைக்கேல் சூசைராஜ் வந்தார். சென்னை சிட்டி அணிக்கு ஆடினார். 2018ல் ஜாம்ஷெட்பூர் கொண்டுபோனது. 2019ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கொண்டுபோனது. 2020 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி.யை ஐ.எஸ்.எல். ஃபைனலில் 3-1 என்று தோற்கடித்த ஏ.டி.கே. அணியில் நம்ம இரவிபுத்தன்துறைப் பையன் இருந்தார். சிரிப்பதா அழுவதா, நீங்களே சொல்லுங்கள்.

சென்னை சிட்டியின் கதை இன்னும் மோசம். 2018ல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினிலிருந்து சில ஆட்டக்காரர்கள், சுற்றிலும் தமிழ்நாட்டுப் பையன்கள். கண்ணை மூடிக்கொண்டு பந்தை வானத்துக்கு அடிக்காதே, காலிலிருந்து காலுக்குக் கொடு என்பது அவர் கொள்கை. 2018-19 ஐ-லீக்கை 43 புள்ளிகளோடு ஜெயித்தார்கள். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்! கோயம்புத்தூர் ஸ்டேடியமே ஆடியது. அப்புறம்? நெஸ்டர் ஹைதராபாத் போனார். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 21 கோல் அடித்த மான்ஸி ஜப்பான் போனார். 2020ல் கோச்சும் போனார். 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை.

ஒரு மனிதர் தலைக்குள் இருந்த கொள்கை, அவரோடு ஃப்ளைட் ஏறிவிட்டது. கிளப்பின் நிலத்தில் ஒரு வேர்கூட இறங்கவில்லை.

பணக்கார கிளப் மட்டும் வேறு என்ன செய்தது? சென்னையின் எஃப்.சி. 2019-20ல், அட்டவணையில் கீழே கிடந்த அணியை ஓவன் காயில் ஃபைனல்வரை இழுத்துக்கொண்டு போனார். சீசன் முடிந்ததும் ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். 2021-22ல் லீக் ஷீல்டை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார். இங்கே? 2020-21ல் லாஸ்லோ. 2021-22ல் பாண்டோவிச். நடுவிலேயே அவரும் போக, மிச்ச ஆட்டங்களை நம்மூர்க்காரர் சபீர் பாஷா பார்த்துக்கொண்டார். (நம்மூர்க்காரருக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும்.) 2022-23ல் பிர்டாரிச். 2023ல் திரும்பவும் காயில்! 2025ல் அவரும் கிளம்பினார். வாடகை வீட்டுக்காரர்கள்கூட இதைவிட நிதானமாக ஆளை மாற்றுவார்கள்.

கோச்சின் கொள்கை என்றதும் 4-3-3, 4-4-2 என்று கணக்குப் போடாதீர்கள். அதெல்லாம் சனிக்கிழமை சமாச்சாரம். பன்னிரண்டு வயசுப் பையனுக்கு இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம், யாரை வாங்குகிறோம், யாரை விற்கவே மாட்டோம் என்பதுதான் கொள்கை. 1988ல் பார்சிலோனாவுக்கு மேனேஜராக வந்த யோஹான் கிரைஃப் எட்டு வருஷம் இருந்தார். அவரிடம் ஆடிப் பழகிய கார்டியோலா 2008ல் அதே கிளப்புக்கு மேனேஜர் ஆனார். நடுவே இருபது வருஷம். நம்ம ஊரில் இருபது மாசம் தாங்குமா?

"அவங்ககிட்ட காசு இருக்கு சார்" என்பீர்கள். சரி, ஹைதராபாத்துக்கு வாருங்கள். சையது அப்துல் ரஹீம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1950லிருந்து 1963ல் சாகும்வரை ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குக் கோச். ட்ரிப்ளிங்கே பண்ணாமல் ஆடு, பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடு என்று தனியாக ஆட்டம் வைத்துப் பழக்கினார். ஆட்டக்காரர்களோ போலீஸ் சம்பளக்காரர்கள். 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து ரோவர்ஸ் கோப்பை! அவர் கோச்சாக இருந்த இந்திய அணி 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. இதற்கெல்லாம் எந்த ஷேக் வந்து பணம் கொட்டினார்?

முதலாளிகளை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. காலரியில் உட்கார்ந்திருக்கிற நீங்களும்தான். மூன்று ஆட்டம் தோற்றால் 'கோச்சைத் தூக்கு' என்று கத்துகிறீர்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 1986ல் வந்த அலெக்ஸ் ஃபெர்குசன் முதல் கோப்பையைத் தொட்டது 1990ல். உங்கள் கணக்கில் அவரை எத்தனை தடவை தூக்கியிருக்க வேண்டும்?

அடுத்த சீசனுக்கு முன்னால் ஏதாவது ஒரு கிளப் புது கோச்சுக்கு மாலை போட்டு, ஜெர்சியைத் தூக்கிக் காட்டிப் போட்டோ எடுக்கும். அங்கே உங்களுக்கு மைக் கிடைத்தால் கோச்சை விட்டுவிடுங்கள். முதலாளியைக் கேளுங்கள்: "உங்க பதிமூணு வயசுப் பசங்களுக்கு யார் சார் கோச்? எத்தனை வருஷமா இருக்கார்? கன்னியாகுமரிக் கடற்கரைக்கு உங்க ஆள் கடைசியா எப்ப போனார்?"

மைக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். பிடுங்குவார்கள்.